சிறுசேரி வாசல் வரை நாலு விரிப்புகள்

இது ஜவ்வாது மலைக்குப் போய் வந்த கதையாக இருந்திருக்க வேண்டும். மலை, பனி, குளிரில் நடுங்கிக்கொண்டு குடித்த தேநீர் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் என் பயணம் செம்பாக்கத்தில் தொடங்கி, பல்லாவரம், பம்மல், பொழிச்சலூர் என்று சுற்றி, சிறுசேரியில் ஒரு கம்பெனி வாசலோடு முடிந்துவிட்டது. மலையைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வாசலைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் டீமில் நாலு பேர் ஒவ்வொரு பிப்ரவரியும் ஏதாவது ஒரு மலைக்குப் போய், இரண்டு மரங்களுக்கு நடுவே தூளி கட்டித் தூங்கிவிட்டு வருவோம். நாங்கள் அதை ஹேமக் என்போம். குழந்தைக்குக் கட்டும் தூளிதான், ஆள் மட்டும் பெரியவன். உடம்பு தரையில் படாது என்றாலும் அடியில் ஒரு விரிப்பு இல்லாமல் முடியாது. ஷூவைக் கழற்றி வைக்க, பையை வைக்க, விடிந்ததும் ஈரமண்ணில் கால் படாமல் இறங்க அதுதான் நம் வீட்டுத் தரை.

போன அக்டோபரில் கம்பெனி ஒரு பட்டியல் போட்டது. அதில் நான் இருந்தேன். "உங்கள் பணியிடமே இல்லாமல் போய்விட்டது" என்று ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துச் சொன்னார்கள். எங்கள் நாலு பேரில் தலைவன் பிரபு. எனக்கு மேலதிகாரி, அதற்கும் முன்னால் நண்பன். அவன் பட்டியலில் இல்லை. ஜனவரி கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் அவன் எழுதினான்: "மச்சான், இந்த வாட்டி கிரவுண்ட் ஷீட் உன் பொறுப்பு. நாலு வேணும். நீ சும்மாதானே இருக்கே."

சும்மா இருக்கிறேன் என்றது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன்? நாலு விரிப்பு என்றால் நாலு பேர். நாலு பேர் என்றால் நானும் உண்டு. பிரபுவின் டீமில் ஓர் இடம் காலியாக இருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. போனில் கேட்கிற விஷயமல்ல அது. மலையில், காலையில், பக்கத்துப் பக்கத்துத் தூளியில் படுத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்தபடி கேட்டுவிடலாம். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

வெள்ளிக்கிழமை, காலை 9.10. செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் கிழக்குக்குப் பேருந்து. வழக்கமாக எட்டு மணிக்கே கம்பெனிப் பேருந்துகள் எங்கள் தெருமுனையில் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் ஒன்பதுக்குக் கிளம்புவது எனக்குப் பழகிவிட்டது. தெரிந்த முகம் எதுவும் நிற்காது. தாம்பரத்தில் நடைமேம்பாலம் ஏறி இறங்கி, ஐந்து ரூபாய்ச் சீட்டு எடுத்து, மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். கேம்பிங் சாமான் விற்கிற கடையில் ஒரு விரிப்பு 1,800 ரூபாய் என்றார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தையை நம்பி வந்திருந்தேன்.

பல்லாவரம் சந்தையைப் பார்க்காதவர்களுக்கு: பழைய டிரங்க் ரோடு நெடுகிலும் சென்னை வேண்டாமென்று கழித்த பொருள்கள் எல்லாம் தரையில் கிடக்கும். ஓடாத மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, ரோஜாச் செடி, புறா, சுத்தியல், யாருடையதோ பல்செட்டு. ஓரிடத்தில் சுழல் நாற்காலிகள் வரிசையாக நின்றன. எங்கள் தளத்தில் இருந்த அதே ரகம், அதே சாம்பல் நிறம். விலை 700 ரூபாய். கைப்பிடியில் ஒட்டிய எண் ஸ்டிக்கரைக்கூடப் பிய்க்கவில்லை. உட்கார்ந்து பார்க்கச் சொன்னார் வியாபாரி. எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

10.20. விரிப்பு தேடினேன். முதலில் நீலத் தார்ப்பாய், ஒன்பதுக்கு ஆறு அடி, 250 ரூபாய். மண்ணெண்ணெய் வாடை, அதைவிட எடை. முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறுகிறவனுக்கு ஆகாது. அடுத்தது பழைய பிளக்ஸ் பேனர்கள். ஓர் அக்கா அவற்றைப் பாய் மாதிரிச் சுருட்டி அடுக்கியிருந்தார்.

"எதுக்கு சார்? வூட்டு மேல போடவா, மாட்டுக் கொட்டாய்க்கா?" என்றார்.

"கீழ விரிச்சு, மேல செருப்பு, பையெல்லாம் வைக்கணும்க்கா."

"அதுக்கின்னா, இத எடுத்துக்க. நூத்தம்பது ரூவா. மழ, வெயிலு எதுவும் ஒண்ணும் பண்ணாது."

விரித்தார். மஞ்சள் நீராட்டு விழா. பட்டுப் பாவாடையில் ஒரு சிறுமி, சுற்றிலும் பதினாறு மாமன்மார். இன்னொன்றை விரித்தார். கண்ணீர் அஞ்சலி, மீசை வைத்த ஒரு பெரியவர். இரண்டின் மேலும் ஷூவை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அக்காவிடம் அதைச் சொன்னதும் சிரித்தார்.

"செத்தவரு இன்னா கேக்கவா போறாரு? சரி, உனுக்கு மூஞ்சி இல்லாத ஷீட்டு வோணும்னா பொழிச்சலூர் போ. ஏர்போர்ட்டாண்ட வர்ற சாமானச் சுத்திகினு வரும்ல, வெள்ளை ஷீட்டு, அத பழைய பேப்பர் கடை பாய் ஒருத்தரு வாங்கிப் போட்டுகினு கீறாரு. காயிதம் மாதிரி கீது. கிழிக்கவே முடியாது."

11.15. பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகப் பொழிச்சலூர், ஷேர் ஆட்டோ, 20 ரூபாய், நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம். பாய் சொந்த வீட்டின் கார் நிறுத்தும் இடத்தையே கிடங்காக்கி வைத்திருந்தார். வெள்ளை ஷீட் மூலையில் மலையாகக் கிடந்தது. கையில் எடுத்தால் காகிதம், இழுத்தால் துணி. கிலோ 120 ரூபாய். ஏழுக்கு நாலு அடியில் நாலு துண்டு வெட்டினால் ஒரு கிலோகூட வராது.

விரிப்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். தரையில் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் ஷீட்டைப் போட்டு, முழங்காலை ஊன்றி ஒரு நிமிடம் அழுத்துங்கள். பேன்ட் நனையாமல் இருந்தால் நல்ல சரக்கு. நான் பாயிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கி, சிமென்ட் தரையில் ஊற்றி, முழங்காலிட்டேன்.

"இன்னா சார், பிரேயரா?" என்றார் பாய்.

"டெஸ்ட் பாய். மலைக்குப் போறோம், ஃபிரண்ட்ஸோட."

"லீவு போட்டுகினு போறீங்களா?"

"ஆமா" என்றேன். எதற்கு அந்தப் பொய் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டவர் பழைய பேப்பர் கடைக்காரர், இனி வாழ்நாளில் பார்க்கப்போவதும் இல்லை. அவரிடமும் எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது.

பேன்ட் நனையவில்லை. நாலு துண்டு வெட்டி வாங்கிக்கொண்டேன். ஒரு தவறு மட்டும் செய்தேன். நான் ஷீட்டை உதறிப் பார்த்த நேரமெல்லாம் தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பொழிச்சலூரில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று இறங்கும். ஷீட் என்ன சத்தம் போட்டது என்று என் காதில் விழவே இல்லை.

பிற்பகல் 2.30, செம்பாக்கம். வீட்டுக் கூடத்தில் விரித்துக் கால் வைத்தேன். சடசடவென்று ஒரு சத்தம், பக்கத்து வீட்டு அம்மா "என்ன விழுந்தது?" என்று எட்டிப் பார்த்தார். மலையில் ஒருவன் சிறுநீர் கழிக்க இறங்கினால் மற்ற மூவரும் எழுந்துவிடுவார்கள். பிரபுவுக்கோ எறும்பு நடந்தாலும் தூக்கம் கலைந்துவிடும். எனக்கு அவன் நல்ல தூக்கம் தூங்கி, நல்ல மனநிலையில் எழ வேண்டும்.

இந்த ரக ஷீட்டை மெத்தென்று ஆக்க வழி உண்டு. பச்சைத் தண்ணீர், சோப்பு கூடாது, வெந்நீர் கூடவே கூடாது. துணி துவைக்கும் மெஷினில் தனியாகப் போட்டு ஓடவிட வேண்டும். உள்ளே புரண்டு கசங்கிக் கசங்கி அதன் விறைப்பு போய்விடும். வெள்ளி மாலை ஒரு தடவை, சனி காலை இரண்டு தடவை ஓட்டினேன். மூன்றாவது தடவைக்குப் பின் பழைய வேட்டி மாதிரி கையில் துவண்டது. கடைசியாக ஒரு அலசலுக்காக நாலையும் குளியலறை வாளியில் ஊறப்போட்டுவிட்டு, கயிறு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். வேலை போன பிறகு நான் உருப்படியாக முடித்த முதல் காரியம் அது. அந்தப் பெருமிதத்தில் இரண்டு தெரு சுற்றி நடந்து வந்தேன். அன்று இரவு வாளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

என் மனைவி ஸ்டெல்லா பள்ளி ஆசிரியை. எங்கள் சபையில் ஆலயத்தின் பீடத் துணிகளை மாதம் ஒரு குடும்பம் வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துத் தர வேண்டும். வெள்ளை வெளேரென்று வெளுத்து, சோற்றுக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு, ஞாயிறு ஆராதனைக்கு முன் விரித்தாக வேண்டும். யார் வீட்டுக் கஞ்சி விறைப்பு என்பதில் பெண்கள் சங்கத்தில் மறைமுகப் போட்டியே உண்டு. அந்த மாதம் எங்கள் முறை. என் வாளிக்குப் பக்கத்து வாளியில் பீடத் துணிகள் ஊறிக்கொண்டிருந்தன.

ஞாயிறு, காலை 6.00. கருகல் வாடையில் விழித்தேன். ஸ்டெல்லா இஸ்திரிப் பெட்டியோடு மேசை முன் நின்றாள். மேசை மேல் என் விரிப்புகளில் ஒன்று. நடுவில் கையகலத்துக்குச் சுருங்கி, பொரித்த அப்பளம் மாதிரி மேடு தட்டியிருந்தது. மற்ற மூன்றும் பீடத் துணிகளோடு சேர்ந்து விறைத்துக்கொண்டு அடுக்கில் இருந்தன.

"ஐயோ, கஞ்சி போட்டியா?"

"வெள்ளையா இருந்துச்சு, வாளியில இருந்துச்சு. சபையில புதுசா குடுத்த துணின்னு நினைச்சேங்க. எல்லாத்தையும் சேர்த்துக் கஞ்சியில முக்கி மாடியில காயப்போட்டுட்டேன்."

"கையில தொட்டா தெரியலயா, துணியா பிளாஸ்டிக்கான்னு?"

"நாலு கிளாஸ் எக்ஸாம் பேப்பர் திருத்திட்டு, கொயர் பிராக்டீஸ் முடிச்சுட்டு வந்து முக்கினேன். தொட்டுப் பார்க்க எனக்கு நேரம் இல்ல. உங்களுக்கு இருந்துச்சு, நீங்க வீட்டுல இல்ல."

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூன்று நாள் உழைப்பு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், இந்த வீட்டில் என் பொருளுக்கு மதிப்பில்லை என்றெல்லாம். அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்க உங்களைக் கூப்பிட்டாங்களா? இல்ல, ஷீட் மட்டும் கொண்டுவரச் சொன்னாங்களா?"

அந்தக் கேள்வி எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். அதைக் கேட்காமல் இருக்கத்தான் துவைத்துக்கொண்டே இருந்தேன். கோபத்தில் கோயிலுக்கும் போகவில்லை. அவள் மட்டும் பீடத் துணிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனாள்.

மதியம் அவளே மொட்டை மாடிக்கு வந்தாள். பெரிய டப்பில் தண்ணீர் பிடித்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டப்புக்குள் இறங்கினாள். நானும் இறங்கினேன். அரைமணி நேரம் மிதித்தோம். கஞ்சி கரைந்து தண்ணீர் வெள்ளையாக வந்தது. மாற்றி மாற்றி அலசினோம். மூன்று விரிப்புகள் பழையபடி துவண்டன. இஸ்திரி பட்டது மட்டும் சரியாகவில்லை. சூடு பட்ட இடம் இனி மெத்தென்று ஆகாது. நல்ல மூன்றை அவர்களுக்கும், சடசடக்கும் ஒன்றை எனக்கும் என்று பிரித்து வைத்தேன்.

வியாழன், காலை 10.05. செம்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்குப் பேருந்து, ஏறக்குறைய 20 கிலோமீட்டர். மேடவாக்கம், சோழிங்கநல்லூர். பதினோரு வருடம் கண்ணாடி மூடிய ஏசிப் பேருந்தில் தூங்கிக்கொண்டே போன சாலை. முதல் தடவையாக விழித்துக்கொண்டு போனேன். ஜன்னலோரம் மீன்கூடையோடு ஓர் அம்மா. என் பை ஒவ்வொரு பள்ளத்துக்கும் சடசடத்தது.

"இன்னாப்பா அது, அப்பளமா?" என்றார்.

"இல்லம்மா, தரையில விரிக்கிறது."

"எங்க கூடை கீழ விரிக்கத் தாங்குமா? பஸ்ஸுல தண்ணி ஒழுவுதுன்னு கண்டக்டரு டெய்லி பேஜாரு பண்றான்."

தாங்கும் என்றேன். எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பொழிச்சலூர் வழியை விவரமாகச் சொன்னேன்.

11.40. கம்பெனி வாசல். காவலர் என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். பாதியில் கை நின்றுவிட்டது. என் கழுத்தைப் பார்த்தார். அங்கே அடையாள அட்டை இல்லை.

"சார்... ரூல்ஸ் சார். தப்பா நெனைக்காதீங்க. அந்த மர நிழல்ல நில்லுங்க, நான் உள்ள போன் பண்றேன்."

இருபது நிமிடம் நின்றேன். அந்த மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே சரியாகப் பதினான்கு அடி. தூளி கட்ட அருமையான இடைவெளி. பதினோரு வருடத்தில் நான் கவனித்ததே இல்லை.

பிரபு வந்தான். "மச்சான்!" என்று தோளில் கை போட்டான். ஷீட்டை எடுத்துக் காதருகில் வைத்துக் கசக்கினான். "டேய், செம்மடா! சத்தமே இல்ல. கடையில வாங்கினாக்கூட இப்படி வராது. மூணுதானே இருக்கு? நாலு சொன்னேனே."

"நாலாவது இந்தப் பையில. அது கொஞ்சம் சத்தம் போடும். அதை நானே வச்சுக்கறேன்."

தோளில் இருந்த கையை எடுத்தான். "மச்சான், நானே போன் பண்ணணும்னு இருந்தேன். இந்த வாட்டி கார்த்திக் வரான். கார்ல நாலு பேருக்குத்தான் இடம், உனக்கே தெரியும். உனக்கும் இப்ப செலவு எதுக்குன்னு நாங்களா யோசிச்சோம். தப்பா எடுத்துக்காத."

"கார்த்திக் யாரு?"

"புதுப் பையன்டா. ஜனவரில சேர்ந்தான். உன் வேலையத்தான் பாக்கறான்."

என் பணியிடமே இல்லாமல் போய்விட்டது என்று சொன்ன அந்தச் சின்ன அறையில் பிரபுவும் உட்கார்ந்திருந்தான். குனிந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் வருத்தம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். மலையில் கேட்க வைத்திருந்த கேள்வி இப்போது தேவையே இல்லை. அதற்குப் பதிலாகக் கேட்க வேறு பத்துக் கேள்வி இருந்தது. வாயைத் திறந்தேன்.

"சேச்சே, இதுல என்ன இருக்கு" என்றேன்.

"அதான்டா நீ. அப்ப அந்த நாலாவதையும் குடுத்துடேன், கார்த்திக்குக்கு ஆகும். உனக்கு எதுக்கு அது இப்ப?"

பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். "அது இஸ்திரி பட்டது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. மூன்றை எடுத்துக்கொண்டு அவன் உள்ளே போனான். கதவு அவன் அட்டையைப் பார்த்துத் திறந்தது.

பிற்பகல் 3.20, செம்பாக்கம். கதவைத் திறந்த ஸ்டெல்லா என் கையில் ஒரே ஒரு விரிப்பைப் பார்த்தாள். எது திரும்பி வந்திருக்கிறது என்றும் பார்த்தாள். சாப்பாடு எடுத்து வைத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போய் வந்த ஊர்களை எங்கள் ஊரோடு ஒப்பிட்டு முடிப்பதுதான் பயணம் எழுதுகிறவர்களின் வழக்கம். செம்பாக்கத்தில் ஏரி இருக்கிறது. அடுக்குமாடிகள் இருக்கின்றன. ஓர் ஆள் எடையைத் தாங்கும் இரண்டு மரங்கள் சரியான தூரத்தில் எங்குமே இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். அவை சிறுசேரியில் கம்பெனி வாசலில் இருக்கின்றன. அங்கே எனக்கு நிற்க மட்டும்தான் அனுமதி.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் குழுவில் படங்கள் வந்தன. நாலு தூளி. மூன்றின் அடியில் என் வெள்ளை விரிப்பு, ஒன்றின் அடியில் நீலத் தார்ப்பாய். "சைலன்ட் ஷீட்! இதுவரைக்கும் தூங்கினதிலேயே பெஸ்ட் தூக்கம்!" என்று பிரபு எழுதியிருந்தான். யார் துவைத்தது என்று எழுதவில்லை.

திங்கள், காலை 10.40. பிரபுவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி. "மச்சான், ஷீட்டெல்லாம் ஒரே சேறு. எப்படி வாஷ் பண்றது? நீதான் எக்ஸ்பர்ட்."

பச்சைத் தண்ணீர், சோப்பு கூடாது, சூடு ஆகவே ஆகாது என்று பொறுப்பாகத் தட்டச்சு செய்தேன். அனுப்பப் போகும் நேரத்தில் சமையலறை மேடை கண்ணில் பட்டது. ஸ்டெல்லா காலையில் வடித்த கஞ்சி கிண்ணத்தில் ஆறிக்கொண்டிருந்தது. பீடத் துணி துவைக்க எங்கள் முறையில் இதுதான் கடைசி வாரம். தட்டச்சு செய்ததை எல்லாம் அழித்தேன்.

"நல்லா கெட்டியா சோத்துக் கஞ்சி போடு. வெயில்ல காயவை. அப்புறம் இஸ்திரிப் பெட்டியை ஃபுல் சூட்டுல வச்சு நல்லா அழுத்தித் தேய். மூணுக்கும்" என்று அனுப்பினேன்.

"தேங்க்ஸ் மச்சான்" என்று உடனே பதில் வந்தது.